அப்பா ஒரு முறைதான் கேட்டார்

வாசகியின் கடிதம்

அன்புள்ள மேடம், வணக்கம்.

எனக்கு 46 வயது. பெங்களூரு கே.ஆர்.புரத்தில் ஒரு அபார்ட்மென்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர், பி.யு.சி. முதல் வருடம் படிக்கும் மகன், மூன்று வருடமாக என் அப்பா, அம்மா. இதுதான் எங்கள் வீடு.

அப்பாவுக்கு 79. சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. ஐம்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவர். தறியை விட்டால் அவருக்கு வள்ளலாரின் வடலூர்தான். மாதப் பூசம் தவறாமல் சைக்கிள் மிதித்துப் போய்விடுவார். பள்ளி லீவில் என்னை முன் கம்பியிலும் தம்பியை கேரியரிலும் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். சபையில் ஜோதியை மறைக்கும் திரை விலகுவதைப் பார்க்க எனக்கு உயரம் போதாது, தோளில் தூக்கிக் காட்டுவார். ஆனால் என் மனதில் நிற்பது அந்த ஜோதி இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் தருமசாலையில் காய் நறுக்கும் இடம்தான். பூசணியும் கத்திரிக்காயும் மலை மாதிரி குவிந்து கிடக்கும். யார் யாரோ வந்து உட்கார்ந்து நறுக்குவார்கள். எந்த ஊர், என்ன ஜாதி என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு சின்னக் கத்தி கொடுத்து அவரைக்காய்க்கு நார் உரிக்க விடுவார்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று அப்பா சொல்லும்போது அவர் குரலே வேறு மாதிரி ஆகிவிடும்.

அம்மாவுக்கு 72. அம்மா அப்பாவைப் போல வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்கி இல்லை. அவர் பிறந்த வீட்டில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார்கள். கல்யாணமாகி வந்த பிறகு அப்பாவுக்காகக் கறி, மீனை விட்டுவிட்டார். ஆனால் அப்பா விளக்கு ஏற்றி வள்ளலார் பாடிய அகவலைப் படிக்கும்போது ஒரு நாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அவருக்கு ஏதாவது வேலை இருக்கும்.

2020இல் அம்மாவுக்கு பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று சொன்னார்கள். இரண்டு வருடம் அப்பா தனியாகச் சமாளித்தார். அப்புறம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. நான் போய் இருவரையும் இங்கே கூட்டிவந்துவிட்டேன். தறியை விற்றோம். அன்றைக்கு அப்பா எதுவும் பேசவில்லை. ஊடு நூல் ஓட்டும் நாடாவை மட்டும் ஒரு துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். 2023 வள்ளலாரின் இருநூறாவது பிறந்த ஆண்டு. ஊரில் அப்பாவோடு படித்தவர்களும் நெய்தவர்களும் வடலூரில் இருந்தார்கள். அப்பா எங்கள் பால்கனியில் இருந்தார்.

இப்போது அம்மாவுக்கு ஐந்து வேளை மாத்திரை. என் போனில் ஐந்து அலாரம். ராத்திரி அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. முதல் முறை கூப்பிட்டால் அப்பா எழுந்துகொள்வார், அடுத்த முறை நான். பாத்ரூம் வாசலுக்கு வந்தால் அம்மாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் நகராது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ‘அருட்பெருஞ்ஜோதி, அருட்பெருஞ்ஜோதி’ என்று தாளத்தோடு அகவலைச் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் நடந்துவிடுகிறார். இது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்பாவும் மாறிவிட்டார். ஒரு இட்லிக்கு மேல் வேண்டாம் என்கிறார். விடியற்காலை மூன்றரைக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முன்பெல்லாம் என் மகனிடம் கதை சொல்வார், இப்போது அதுவும் இல்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று கணவர் சொல்கிறார்.

இனி என்னைப் பற்றி. இரண்டு வருடமாக எனக்குள் ஏதோ ஒன்று கிடந்து தவிக்கிறது. கும்பலாக உட்கார்ந்து ஒரு நல்ல விஷயத்தை மனதில் நினைக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் அபார்ட்மென்டில் வாரம் ஒரு நாள் பஜனை நடக்கிறது. போனேன். நல்ல மனிதர்கள். ஆனால் பாட்டு எல்லாம் இந்தியில், முடிந்ததும் பேச்சு ஃப்ளாட் விலைக்குப் போய்விடும். எனக்கு அங்கே உட்கார்ந்ததும் கண் சொக்குகிறது. எனக்குள் பக்தியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. பிறகு பணம் கட்டி ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஆளுக்கு மூன்று பேரைச் சேர்த்துவிடச் சொன்னார்கள். சேர்க்க முடியவில்லை என்றதும் முகம் மாறியது, நானும் நின்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். கோயில் அழகு. ஆனால் வரிசையில் நின்று, கும்பிட்டு, வெளியே வந்தால் மறுபடி தனியாள்தான்.

ஒரு பத்து நாள் மௌன வகுப்புக்கு இரண்டு தடவை பெயர் கொடுத்து, இரண்டு தடவையும் ரத்து செய்தேன். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. ஆனால் அம்மாவை விட்டுவிட்டுப் பத்து நாள் எப்படிப் போவது?

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். மாதம் பணம் அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, ‘அப்பாவை ஊருக்கே கொண்டுபோய் விட்டுடலாம்ல, அக்கா’ என்கிறான். யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் ஒரு ராத்திரி, அம்மா தூங்கின பிறகு அப்பா ஹாலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘பாப்பா, நான் போயிட்டா என்னை எரிச்சிடுவீங்களா?’ என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘என்னப்பா பேச்சு இது, சும்மா இருங்க’ என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டினேன். அவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் கேட்கவே இல்லை.

பெற்றவர்கள் இந்த நிலைமையில் இருக்கும்போது எனக்காக ஒரு சத்சங்கம் தேடி அலைவது சுயநலமா? அவர்களைப் பார்த்துக்கொள்வதே தவம் என்று என் தோழி சொல்கிறாள். அப்படி என்றால் எனக்கு ஏன் அது தவமாகத் தெரியவில்லை? தம்பி சொல்வது போல் அப்பாவை ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் நல்லதா? வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு.

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அது ஆன்மிகத் தேடல் பற்றிய கடிதமாகத்தான் தெரிந்தது. இரண்டாவது முறை படிக்கும்போது மூன்று வருடமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத ஒரு பெண் கண்ணில் பட்டார். அதனால் தூக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மௌன வகுப்பில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதுதான் முதலில் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளில் ஐந்து முறை அலறுகிற போன் அது. அதைப் பத்து நாள் வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உங்களுக்கு இருந்திருக்கிறது. அந்த ஆசை ஓய்வுக்கான ஆசை. அதில் குற்றம் எதுவும் இல்லை, வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் அந்தப் பசிக்கு பஜனையில் சாப்பாடு தேடியிருக்கிறீர்கள். பஜனையில் கண் சொக்கியது என்றால் உங்கள் உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை வைத்து பக்தி இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

அதற்கு முதலில் ராத்திரிக்கு ஆள் வேண்டும். தம்பியிடம் ‘நீயும் கொஞ்சம் உதவி பண்ணு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் அனுப்புகிற பணத்திலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். ‘வாரத்துக்கு மூணு ராத்திரி அம்மாவைப் பாத்துக்க ஒரு ஆளை வைக்கிறேன், அந்தச் சம்பளம் உன் பொறுப்பு. வருஷத்துக்கு ரெண்டு வாரம் நீ வந்து இங்கே இருக்கணும், எந்த மாசம்னு இப்பவே சொல்லிடு’ என்று தொகையையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கும் மனசு இருக்கும், செய்ய வேண்டியது என்ன என்றுதான் தெரியாது. ‘ஊருக்கே கொண்டுபோய் விட்டுடலாம்’ என்பதும் அப்படித் தெரியாமல் வருகிற பேச்சுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கணவருக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை வேண்டும். ஐந்து அலாரத்தில் இரண்டை இன்றைக்கே அவர் போனுக்கு மாற்றுங்கள்.

அடுத்து அப்பா. சாப்பாடு குறைவது, விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராதது, பேரனிடம் கதை சொல்வதை நிறுத்தியது. இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது வயசாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. முதியவர்களுக்கு வருகிற மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளியே தெரியாது. பசி இல்லை, உடம்பு வலிக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்றுதான் தெரியும். அதற்கு மருந்தும் உண்டு, பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு, 79 வயதிலும் பலன் தரும். அதற்கு முன் ரத்தத்தில் தைராய்டும் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்க சைவம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அது குறைந்தால் மனசும் சோர்ந்துபோகும், மறதியும் வரும். காதையும் பரிசோதியுங்கள். தறிச் சத்தத்தில் ஐம்பது வருடம் இருந்தவர். பேரனின் வேகமான பேச்சு சரியாகக் கேட்காததால்கூட கதையை நிறுத்தியிருக்கலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. உடனே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்களும் பேசுங்கள், அப்பாவுக்காக மட்டும் என்று இல்லை.

அம்மாவின் கால் அகவலுக்கு மட்டும் எப்படி நகர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கின்சனில் நடையைத் தானாகத் தொடங்கிவைக்கிற மூளைப் பகுதி தளர்ந்துபோகிறது. வாசல்படி, குறுகலான இடம், திரும்புகிற இடம், இங்கெல்லாம் கால் உறைந்து நிற்பது அதனால்தான். வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் காதில் விழும்போது மூளை வேறொரு பாதை வழியாக அந்த நடையை எடுத்துக்கொள்கிறது. பிசியோதெரபியில் இதை ஒரு பயிற்சியாகவே செய்கிறார்கள். கைதட்டுவார்கள், எண்ணுவார்கள், மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை ஓடவிடுவார்கள். அகவல் 1596 அடியும் ஒரே நடையில் போவது. அதோடு எந்தத் தாளக் கருவியைவிடவும் அம்மாவுக்குப் பழகிய குரல் அது. உங்கள் அப்பா யாரும் சொல்லித்தராமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றபடி அம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். பக்கத்தில் வந்து உட்காரவில்லை, ஆனால் தாளம் முழுக்க அவர் உடம்பில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மகனிடம் சொல்லி அப்பாவின் குரலில் அகவலைப் பதிவு செய்யுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு அது உதவும். பதிவு செய்கிற சாக்கில் தாத்தாவும் பேரனும் பல மணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டி வரும். பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் பரவாயில்லை, கேட்கத் தெரிந்தால் போதும்.

இனி உங்கள் தேடலுக்கு வருகிறேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதே தவம் என்று உங்கள் தோழி சொன்னது அன்பால் சொன்னதுதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நானும் என் மாமியாரை ஏழு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். அப்போது என்னிடமும் எல்லோரும் அதையே சொன்னார்கள். மலம் அள்ளிய கையோடு நிற்கிற ஒருத்தியிடம் ‘உனக்குப் புண்ணியம்’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு ஆள் வேண்டும், எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்கவே வாய் வராது. அது தவமாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான், அதற்காக நீங்கள் குறைந்துபோகவில்லை. ஒரு கூட்டத்தோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்ற ஏக்கம் சுயநலம் கிடையாது. உங்கள் அப்பா குடும்பம், தறி, கடன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் மாதா மாதம் சைக்கிள் மிதித்தார். அதை நீங்கள் சுயநலம் என்று நினைத்ததுண்டா?

சரி, எந்த மாதிரி இடம்? அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். ஜோதி நினைவில் இல்லை, காய் நறுக்கிய இடம்தான் நினைவில் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதை நான் அப்படியே நம்புகிறேன். நீங்கள் போய்ப் பார்த்த இடங்களில் எல்லாம் உட்கார்ந்து பெற்றுக்கொள்ளத்தான் இடம் இருந்தது. பாட்டைக் கேட்கலாம், மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளலாம், தரிசனம் பெறலாம். கையில் ஒரு கத்தியைக் கொடுத்து ‘இந்தா, இதை உரி’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சில பேருக்கு மௌனத்தில் மனம் ஒன்றும், சில பேருக்குப் பாட்டில். உங்களுக்கு வேலையில் ஒன்றும் என்று நினைக்கிறேன். பத்து பேர் குனிந்து ஒரே வேலையைச் செய்யும்போது, பேச்சு பாதி, வேலை பாதியாக, அங்கே உங்கள் மனம் அடங்கியிருக்கிறது. அதனால் இனி ஓர் இடத்துக்குப் போனால் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பார்க்காதீர்கள். அடுப்படிக்குள் விடுகிறார்களா என்று பாருங்கள். இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் என்ன ஆச்சு என்று கேட்கிறார்களா, அல்லது யாரைச் சேர்த்துவிட்டாய் என்று கேட்கிறார்களா? மூச்சுப் பயிற்சி இடத்தை விட்டது சரிதான்.

பெங்களூரில் மாதப் பூசத்துக்கு விளக்கேற்றி அகவல் படித்துக் கஞ்சி ஊற்றும் சின்னச் சின்ன சன்மார்க்கக் குழுக்கள் உண்டு. சில வீட்டு மாடியில், சில வாடகை அறையில். பெரிய போர்டு இருக்காது, வாய்வழியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் போய் விசாரியுங்கள். கே.ஆர்.புரத்திலிருந்து பர்ப்பிள் லைனில் ஏறினால் அல்சூர் ஒரே மெட்ரோதான். நீங்கள் தனியாகத் தேடிப் போகாமல் அப்பாவையும் கூட்டிப்போய் விசாரித்தால் இன்னும் நல்லது. இந்த விஷயத்தில் உங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் அவர்தான். மூன்று வருடமாக அவரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். அவர் உங்களுக்கு வழிகாட்ட ஓர் இடம் அவருக்கும் வேண்டும். குழு எதுவும் அமையவில்லை என்றாலும் ஒரு பூசத்தன்று வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் கஞ்சி வைத்து, உங்கள் அபார்ட்மென்டின் காவலாளிகளுக்கும் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் கொடுங்கள். காய் நறுக்க அப்பாவை உட்கார வையுங்கள். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

ஊருக்கு அனுப்பிவிடுவதா என்று கேட்டீர்கள். நிரந்தரமாக அனுப்ப முடியாது. அம்மாவை விட்டு அவர் போகமாட்டார், அம்மாவை அங்கே பார்க்க ஆளும் இல்லை. ஆனால் போய் வரலாமே. பரீட்சை முடிந்ததும் மகனோடு நான்கைந்து நாள் அனுப்புங்கள். விருத்தாசலம் வழியாகப் போகும் காரைக்கால் ரயில் இருக்கிறது, இரவுப் பேருந்தில் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். தாத்தா காய் நறுக்குகிற இடத்தைப் பையன் ஒரு முறையாவது பார்க்கட்டும்.

இனி, கடிதத்தின் கடைசியில் ‘இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்’ என்று நீங்கள் அவசரமாக எழுதி முடித்த அந்தத் தை மாத ராத்திரி.

எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944இல் துக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உலகப் போர் நடந்த காலம். கணவர் போர்முனைக்குப் போனதிலிருந்தே அவர் இறந்துவிடுவார் என்று பயந்து, உள்ளுக்குள் அழுது முடித்துவிட்ட மனைவியரைப் பற்றி அதில் சொல்கிறார். கணவர் உயிரோடு திரும்பி வந்தபோது அந்த மனைவியால் அவரை ஏற்க முடியவில்லை. துக்கம் முன்பே முடிந்து, ஆள் மனதிலிருந்து போயாகிவிட்டது. இதை வருமுன் துக்கம் என்று நாங்கள் சொல்வோம். வயதான பெற்றோர் உள்ள வீடுகளில் இதை நான் நிறையப் பார்க்கிறேன். அலாரம், மாத்திரை, ஸ்கேன் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் பிள்ளைகள் மனதால் ஒரு எட்டு தள்ளி நின்றிருப்பார்கள். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டியது கல்நெஞ்சத்தால் இல்லை. உள்ளே நீங்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த விஷயத்தை அவர் வாய் திறந்து சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் அவர் கேட்டது என்ன என்று ஒரு முறை யோசியுங்கள். இறந்தவரை எரிக்கக் கூடாது, மண்ணில்தான் வைக்க வேண்டும், கருமாதி, திதி எல்லாம் வேண்டாம் என்று வள்ளலார் சொன்னதை ஏற்று வாழ்ந்தவர் அவர். ஊரில் இருந்திருந்தால் அவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை, சுற்றி இருப்பவர்களுக்கு முறை தெரியும். இந்த மூன்றாவது மாடியில் அது தெரிந்தவர் யாரும் இல்லை. மருமகன் குடும்பத்தில் வழக்கம் வேறாக இருக்கலாம், அவசரத்தில் யாரோ மின்மயானத்துக்கு வண்டியைக் கூப்பிட்டுவிடலாம் என்று எத்தனை விடியற்காலை மூன்றரை மணிக்கு உட்கார்ந்து யோசித்திருப்பாரோ தெரியாது. அதைச் சொல்ல உங்களைத் தேர்ந்தெடுத்து, அம்மா தூங்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நம்பிக்கையைப் பற்றி, முடிவைப் பற்றி மனம் விட்டுப் பேச ஆள் தேடி நீங்கள் இரண்டு வருடமாக ஊரெல்லாம் அலைகிறீர்கள். அதே பேச்சுக்கு ஆள் தேடி அவர் ஹாலுக்கு வந்தார்.

இப்போதும் நேரம் இருக்கிறது. டிவி ஓடாத ஒரு ராத்திரி நீங்களே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘அப்பா, தை மாசம் நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் பயந்துபோய்ப் பேச்சை மாத்திட்டேன். இப்ப சொல்லுங்க’ என்றால் போதும். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில்தான் வேண்டும் என்கிறாரா, இங்கே என்றாலும் சரியா, யாருக்குச் சொல்ல வேண்டும், எதை ஓத வேண்டும், எல்லாவற்றையும் கேளுங்கள். மண்ணில் வைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. கர்நாடகத்தில் லிங்காயத்துகளின் வழக்கமே அதுதான், வழி இருக்கிறது. எழுதியதைக் கணவருக்கும் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள். நடுவில் அழுகை வந்தால் அழுங்கள், அவர் உங்களைத் தேற்றட்டும். மகளைத் தேற்றுகிற வேலையை அவரிடமிருந்து யாரும் இன்னும் வாங்கிவிடவில்லை.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று எங்குமே இல்லை. பிறந்த வீட்டுக் குலதெய்வத்தை விட்டு வந்து ஐம்பது வருடம் ஆகிறது. ஒரு முறை அங்கே போய் நிற்க வேண்டும் என்று அவருக்கு இருக்கிறதோ என்னவோ. அவரிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பார்க்கின்சனில் குரல் சன்னமாகிவிடும், சொல்லத் தொடங்கவே நேரம் பிடிக்கும். நீங்களாக வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்